வாஷிங்டன் கொடுக்கும் வாக்கை உரசிப் பார்ப்பது எப்படி?

அமெரிக்க அதிபர் எங்காவது மேடையில் ஏதாவது சொல்லிவிட்டால், மறுநாள் காலை நம் நாளிதழ்களில் ‘அமெரிக்கா உறுதி’ என்று தலைப்பு வந்துவிடும். அந்த உறுதிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் செய்தியில் இருக்காது. ஆனால் தேடினால் கிடைக்கும். அமெரிக்காவைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த நாட்டில் ஒரு வசதி உண்டு: சட்டங்களும் வாக்குக் கணக்கும் செலவுக் கணக்கும் பெரும்பாலும் பொதுவில் கிடக்கின்றன. சீனாவின் வாக்குறுதிகளை இதே முறையில் சோதிக்கப் போனால் பாதி வழியிலேயே கதவு மூடியிருக்கும்.

உலகத்துக்குத் தலைமை தாங்குகிறோம் என்று சொல்லும் நாடு அந்தப் பொறுப்பைச் சுமக்கிறதா என்று தெரிய உரைகளைப் படித்துப் பயனில்லை. கீழே சொல்லும் இடங்களில் தேட வேண்டும்.

முதலில் இது எந்த வகை வாக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை செனட்; அதன் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தம்தான் இருப்பதிலேயே கனமானது. அதற்கு வாக்களிக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 100 பேரும் வந்திருந்தால் 67. அடுத்தது காங்கிரஸின் இரு அவைகளும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்ட சட்டம். அதற்குக் கீழே அதிபர் தன் அதிகாரத்தில் மட்டும் செய்துகொள்ளும் நிர்வாக உடன்பாடு. கடைசியில் கூட்டறிக்கை, உரை, பேட்டி. செய்தியைப் படித்ததும் இந்த நான்கில் எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வகை தெரியாமல் மேலே போவதில் அர்த்தமில்லை.

அதிபர் கையெழுத்துப் போட்டால் நாடே கட்டுப்பட்டுவிட்டது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வெர்சாய் ஒப்பந்தத்தையும் அதோடு சேர்ந்த, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தையும் உருவாக்க முன்னின்றவர் அதிபர் உட்ரோ வில்சன். அவருடைய செனட்டே 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அதை நிராகரித்தது. அணுகுண்டு சோதனைகளை முழுமையாகத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் 1996இல் முதல் ஆளாகக் கையெழுத்திட்டவர் பில் கிளின்டன். 1999 அக்டோபரில் செனட் அதை 48க்கு 51 என்று தோற்கடித்தது. இனப்படுகொலைக்கு எதிரான ஒப்பந்தத்தில் அமெரிக்கா 1948இல் கையெழுத்திட்டது. உறுதிசெய்து முடிக்க 1988 ஆனது. கடல் சட்ட ஒப்பந்தம் 1994இல் செனட்டுக்குப் போனது. இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சில சமயம் கையெழுத்துக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். கியோட்டோவில் பருவநிலைப் பேச்சு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால், 1997 ஜூலையில், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்த உடன்பாட்டையும் ஏற்கக் கூடாது என்று செனட் 95க்கு 0 என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் 1998இல் கையெழுத்து விழுந்தது. உடன்படிக்கை செனட்டுக்கு அனுப்பப்படவே இல்லை. இந்த அனுபவத்தால்தான் பாரிஸ் உடன்பாட்டை அமெரிக்கா செனட்டுக்குக் கொண்டுபோகத் தேவையில்லாதபடி அமைக்கப் பார்த்தார்கள். அதன் விலையையும் பார்த்தோம்: 2016இல் உள்ளே, 2020 நவம்பர் 4இல் வெளியே, 2021 பிப்ரவரி 19இல் மறுபடி உள்ளே, 2025 ஜனவரி 20இல் மறுபடி வெளியேறும் ஆணை. நிர்வாக உடன்பாட்டின் ஆயுளை நான்கு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

சரிபார்க்க, காங்கிரஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒப்பந்தங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தின் பெயரைப் போட்டால் எந்த ஆண்டு அனுப்பப்பட்டது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வரும். ‘வெளியுறவுக் குழுவின் முன் உள்ளது’ என்று இருந்தால் அது வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். பெயரே வரவில்லையென்றால் அது செனட் பக்கமே போகாத கையெழுத்து.

அடுத்து, வினைச்சொல்லைப் பிடியுங்கள்

மூல உரையைத் திறந்து, அமெரிக்கா செய்வதாகச் சொல்லும் செயல் எது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பல நேரம் அந்த வரி நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

1994 டிசம்பர் 5இல் கையெழுத்தான புடாபெஸ்ட் குறிப்பாணை இதற்கு நல்ல பாடம். உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் எழுதிக் கொடுத்தது என்ன? உக்ரைனின் எல்லைகளை மதிப்போம், அதன் மீது படை பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், அணு ஆயுதம் பயன்படும் தாக்குதலுக்கு அது ஆளானால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் நடவடிக்கையை உடனே நாடுவோம், சிக்கல் வந்தால் கலந்து பேசுவோம். படை அனுப்புவோம் என்று எங்கும் இல்லை. 2014இலும் 2022இலும் ரஷ்யா செய்தது அந்தத் தாளின் அப்பட்டமான மீறல். அமெரிக்கா கையெழுத்தை மீறிவிட்டது என்று சொல்பவர்கள் தாளைப் படிக்கவில்லை. படித்தால் வேறொரு குறை கண்ணில் படும். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய உறுதி எவ்வளவு மெலிந்தது என்பதும், நாட வேண்டிய கவுன்சிலில் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ ரஷ்யாவுக்கே இருந்தது என்பதும்தான் அது.

ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஐந்தாவது பிரிவையும் இப்படியே படியுங்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்ற முதல் பாதி ஊருக்கே தெரியும். இரண்டாம் பாதியில், ஒவ்வொரு நாடும் ‘தான் அவசியம் என்று கருதும்’ நடவடிக்கையை எடுக்கும் என்று இருக்கிறது. படைபலம் அதில் ஒரு வகை மட்டுமே. 1949இல் செனட்டைத் தாண்ட வேண்டியிருந்ததால் வைத்த வாசகம் இது. இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் கையில் எடுக்கப்பட்டது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. தைவான் விஷயத்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் தற்காப்பு ஆயுதம் கொடுப்பதைச் சொல்கிறது. போரில் இறங்குவதைச் சொல்லவில்லை. அதிபர் ஒருவர் பேட்டியில் ‘காப்பாற்றுவோம்’ என்றாலும் சட்டத்தின் வரி மாறிவிடாது.

பணம்: நான்கு கதவுகள்

வெளிநாட்டு உதவி என்று ஒரு தொகை அறிவிக்கப்பட்டால், அது கைக்கு வந்து சேர நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு அறிவிப்பு. இரண்டாவது, இன்ன காரியத்துக்கு இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று காங்கிரஸ் தரும் அனுமதிச் சட்டம். மூன்றாவது, உண்மையிலேயே பணத்தை எடுத்து வைக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் செய்திகளில் வழக்கமாக நடக்கும் குழப்பம். அனுமதியில் நூறு இருந்து ஒதுக்கீட்டில் நாற்பது வருவது சாதாரணம். நான்காவது, ஒதுக்கிய பணத்தை நிர்வாகம் ஒப்பந்தம் போட்டுச் செலவிடுவது.

வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைப் பருவநிலை நிதிக்கு 2014இல் ஒபாமா அறிவித்தது 300 கோடி டாலர். அவர் பதவிக்காலம் முடியும்போது போய்ச் சேர்ந்திருந்தது 100 கோடி. மீதி அப்போது முதல் கதவிலேயே நின்றுவிட்டது. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. அறிவித்த தொகையைத் தர வேண்டும் என்று சட்டமே இல்லை.

நான்காவது கதவு முன்பு சம்பிரதாயமாக இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்க விரும்பாவிட்டால் காங்கிரஸிடம் ரத்து கோர வேண்டும். காங்கிரஸ் கூடியிருக்கும் 45 நாட்களுக்குள் அது ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். 2025 ஜூலையில் வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பும் சேர்ந்து சுமார் 900 கோடி டாலரை காங்கிரஸே ரத்துசெய்து கொடுத்தது. அடுத்த மாதக் கடைசியில் வெள்ளை மாளிகை இன்னொரு 490 கோடி டாலர் உதவிக்கு ரத்து கேட்டது. இங்கேதான் தேதியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. ஆகஸ்ட் இறுதியில் மனு போட்டால் 45 நாள் முடிவதற்குள் நிதியாண்டு முடிந்து, ஒதுக்கீடு தானாகவே காலாவதியாகிவிடும். காங்கிரஸ் ஒன்றும் செய்யாமலே பணம் போய்விட்டது. ஆகவே உதவித் தொகையைப் பின்தொடர்பவர்கள் கோடையின் கடைசி வாரங்களில் கண்ணை எடுக்கக் கூடாது.

ஐ.நா. சந்தாவிலும் இதே நாட்காட்டிதான் வேலை செய்கிறது. வழக்கமான பட்ஜெட்டில் அமெரிக்காவின் பங்கு 22 சதவீதம். ஐ.நா. ஜனவரியில் ரசீது அனுப்பும். அமெரிக்க ஒதுக்கீடோ அக்டோபரில் தொடங்கும் ஆண்டுக்கு வரும். அதனால் சரியாகக் கொடுக்கும் ஆண்டிலும் பணம் கடைசி மாதங்களில்தான் வரும். அமைதிப்படைக் கணக்கில் வேறு சிக்கல். ஐ.நா. போடும் பங்கு கால் பங்குக்கு மேல். அமெரிக்கச் சட்டம் 25 சதவீதத்தில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இடையிலுள்ள வித்தியாசம் ஆண்டுதோறும் பாக்கியாக ஏறும். பாக்கி இரண்டு ஆண்டுச் சந்தாவை எட்டினால் பொதுச் சபையில் வாக்குரிமை போகும் என்கிறது சாசனத்தின் 19ஆவது பிரிவு. 1990களின் இறுதியில் அமெரிக்காவே அந்த விளிம்புவரை போய், 1999இல் தனிச் சட்டம் போட்டு 92.6 கோடி டாலரைத் தவணையில் கட்ட ஒத்துக்கொண்டு மீண்டது. அதற்குப் பதிலாகத் தன் பங்கை 25இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தும் வாங்கிக்கொண்டது. கடன்பட்டவரே நிபந்தனை போடும் விசித்திரம் உலக அரசியலில்தான் நடக்கும்.

பாதுகாப்பு கவுன்சிலில் கையைப் பாருங்கள்

பதினைந்து பேர். தீர்மானம் நிறைவேற ஒன்பது ஆதரவு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவரும் எதிர்க்கக் கூடாது. வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது வீட்டோ ஆகாது. சாசனத்தின் வாசகத்தை நேராகப் படித்தால் இது தெரியாது. நடைமுறையில் வளர்ந்த வழக்கம், 1971இல் சர்வதேச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா முதன்முதலில் வீட்டோ போட்டது 1970 மார்ச்சில், தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) விவகாரத்தில்.

செய்திகள் ‘வீட்டோ போட்டது’ என்பதோடு நிறுத்திவிடும். அடுத்து பார்க்க வேண்டியது எண்ணிக்கை. காஸா தொடர்பாக 2023, 2024இல் அமெரிக்கா தடுத்த தீர்மானங்களை வரிசையாக வையுங்கள். 2023 அக்டோபர் 18: ஆதரவு 12, எதிர்ப்பு 1, ஒதுங்கியவர் 2. டிசம்பர் 8: 13, 1, 1. 2024 பிப்ரவரி 20: 13, 1, 1. நவம்பர் 20: 14, 1, பூஜ்யம். முதல் மூன்றிலும் ஒதுங்கி நின்ற பிரிட்டன் நான்காவதில் ஆதரவுப் பக்கம் போய்விட்டது. அமெரிக்கா எப்படித் தனித்துப்போனது என்பதற்கு இந்த எண்களைவிட நல்ல சான்று தேவையில்லை.

அதற்குப் பிறகு, வாக்கு விளக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு நாடும் ஏன் அப்படி வாக்களித்தது என்று அங்கேயே சொல்லும். கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு ஐ.நா. ஆவணக் களஞ்சியத்தில் இருக்கும். 2023 அக்டோபரில் அமெரிக்கா சொன்ன காரணம், இஸ்ரேலின் தற்காப்பு உரிமை வரைவில் இல்லை. 2024 நவம்பரில் சொன்ன காரணம், போர் நிறுத்தம் பணயக்கைதிகளின் விடுதலையோடு கட்டப்படவில்லை. காரணம் மாறுகிறது, கை மாறவில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைப்பவருக்கு அடுத்த வாக்கெடுப்பு எங்கே போகும் என்று ஓரளவு தெரியும்.

2024 மார்ச்சின் இரண்டு வரைவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 22ஆம் தேதி அமெரிக்கா கொண்டுவந்தது, உடனடியான, நீடித்த போர் நிறுத்தத்தின் ‘அவசியத்தைத் தீர்மானிக்கிறது’ என்றது. போரை நிறுத்து என்று யாருக்கும் சொல்லவில்லை. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. மூன்று நாள் கழித்து வந்த 2728ஆம் தீர்மானம், ரமலான் மாதத்துக்கு உடனடிப் போர் நிறுத்தத்தை நேராகவே கோரியது. அமெரிக்கா ஒதுங்கியது, 14 ஆதரவோடு நிறைவேறியது. உடனே வாஷிங்டன் அதைக் ‘கட்டுப்படுத்தாதது’ என்றது. சாசனத்தின் 25ஆவது பிரிவோ கவுன்சிலின் முடிவுகளை உறுப்பினர்கள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இந்தச் சச்சரவு சட்ட நிபுணர்களிடையே இன்னும் ஓடுகிறது. நடைமுறையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோரிக்கையை மீறினால் என்ன நடக்கும் என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

2022 ஏப்ரல் முதல் ஒரு வசதி கூடியிருக்கிறது. வீட்டோ போட்டால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதைப் பற்றி விவாதிக்க வேண்டும். அங்கே வீட்டோ கிடையாது, கட்டாயமும் கிடையாது. ஆனால் போட்டவர் வந்து விளக்கம் சொல்லும் காட்சியைப் பார்க்கலாம்.

வீட்டோவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பெரிய தவறுகள் நழுவிவிடும். ருவாண்டாவில் கொலைகள் தொடங்கி இரண்டு வாரத்தில், 1994 ஏப்ரல் 21இல், அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கக் கவுன்சில் முடிவெடுத்தது. யாரும் வீட்டோ போடவில்லை. ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது. மே 17இல் 5,500 பேர் வரை அனுப்பலாம் என்று இன்னொரு தீர்மானம் வந்தது. ஆள் தரவும் வாகனம் தரவும் நாடுகள் இழுத்தடித்ததில், படை முழுதாகப் போய்ச் சேரும் முன்பே கொலைகள் முடிந்துவிட்டன. எனவே படையைப் பற்றிய தீர்மானம் என்றால் மூன்று எண்களைத் தேடுங்கள்: அனுமதித்தது எத்தனை, களத்தில் இருப்பது எத்தனை, எந்தத் தேதியில். ஐ.நா. இவற்றை வெளியிடுகிறது.

தமிழ் வாசகர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். இலங்கை தொடர்பாக 2012, 2013, 2014இல் அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்த தீர்மானங்களும், 2015 அக்டோபரில் இலங்கையும் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானமும் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைகள் கவுன்சிலுடையவை. அங்கே 47 உறுப்பினர்கள், வீட்டோ இல்லை, ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. இலங்கை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேராத நாடு என்பதால், போர்க்கால நிகழ்வுகளை அங்கே கொண்டுபோக நியூயார்க்கிலுள்ள பாதுகாப்பு கவுன்சிலின் முடிவுதான் முதன்மையான வழி. அமெரிக்கா 2018 ஜூனில் ஜெனீவா கவுன்சிலிலிருந்து விலகியது. இலங்கை 2020 பிப்ரவரியில் தன் இணை அனுசரணையைத் திரும்பப் பெற்றது. எந்த ஊரில் நிறைவேறிய தீர்மானம் என்று பார்க்காமல் ‘ஐ.நா. தீர்மானம்’ என்று மொத்தமாகப் பேசுவது நமக்குத்தான் நட்டம்.

படை போனால், நாளை எண்ணுங்கள்

போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுடையது. கடைசியாக முறைப்படி அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அதற்குப் பிறகு.

போர் அதிகாரம் பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதிபர் நிக்சனின் வீட்டோவை மீறி நிறைவேறியது. படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரஸுக்கு எழுத வேண்டும். காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையைப் பாதுகாப்பாகத் திருப்பக் கூடுதலாக 30 நாள். எனவே முதல் குண்டு விழுந்த தேதியையும் கடிதத்தின் தேதியையும் குறித்து, கடிதத்திலிருந்து 60 எண்ணுங்கள்.

எண்ணியபின் என்ன நடக்கும் என்பதற்கு லிபியா. 2011 மார்ச் 19இல் தாக்குதல், 21இல் கடிதம், மே 20இல் கெடு. தாக்குதல் நிற்கவில்லை. ஜூனில் வெள்ளை மாளிகை சொன்ன விளக்கம்: தரைப்படை இல்லை, எதிரி திருப்பிச் சுடும் ஆபத்து குறைவு, ஆகவே சட்டம் சொல்லும் ‘சண்டை’ இது அல்ல. நேட்டோ நடவடிக்கை அக்டோபர் கடைசி வரை போனது. கெடுவைத் தாண்ட இரண்டு வழிதான் வழக்கம். ஒன்று இப்படி விளக்கம் சொல்வது. மற்றது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள் மீது படைபலம் பயன்படுத்த காங்கிரஸ் அப்போது தந்த அனுமதிச் சட்டத்தை நீட்டி மடக்கிப் புதிய ஊருக்கும் பொருத்துவது. கடிதத்தில் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

காங்கிரஸ் தடுக்காதா? 2019இல் யேமன் போருக்கான உதவியை நிறுத்த இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. டிரம்ப் வீட்டோ போட்டார். மே 2இல் செனட்டில் அதை மீற எடுத்த முயற்சிக்குக் கிடைத்தது 53 வாக்கு, வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ‘காங்கிரஸ் எதிர்ப்பு’ என்ற செய்தி வந்தால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் போர் நிற்காது.

ஆயுத விற்பனைச் செய்திகளில் கவனிக்க வேண்டியது சின்ன விஷயம்: காங்கிரஸுக்கு அனுப்பிய அறிவிக்கையில் இருக்கும் தொகை உச்ச மதிப்பீடு. ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான், ஆயுதம் வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும். பொருளாதாரத் தடைகள் பெரும்பாலும் அதிபர் அறிவிக்கும் ‘தேசிய அவசரநிலை’யின் மேல் நிற்பவை. அதை ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் தானாகக் காலாவதியாகும். ஈரான் மீது 1979 நவம்பரில் ஜிம்மி கார்ட்டர் அறிவித்த அவசரநிலையை அவருக்குப் பின் வந்த எல்லா அதிபர்களும், எந்தக் கட்சியானாலும், ஆண்டுதோறும் நவம்பரில் நீட்டித்து அரசிதழில் வெளியிட்டு வந்திருக்கிறார்கள்.